கட்டுமான சைட்டில் கேட்கும் ஆங்கில வினைச்சொற்கள்: எப்படிப் படிப்பது?

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வரும் தம்பிகள் பலரும் கேட்பது, "அண்ணே, இங்கிலீஷை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்றுதான். வினைச்சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெல்மெட், கிரேன், பெர்மிட் எல்லாம் தினமும் புழங்குவதால் தானாகவே வந்துவிடும். சூப்பர்வைசர் நம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்பது வினைச்சொல்லில்தான் இருக்கிறது. நான் படித்த வழியை அப்படியே தருகிறேன்.

படி 1: காதில் விழுவதை எழுதுங்கள்

வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்தான் நமக்கு வகுப்பறை. லிஃப்ட், லோயர், ஹோல்ட், டைட்டன், ரிமூவ், இன்ஸ்பெக்ட் என்று அங்கே வருவதைப் பாக்கெட் நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு மூன்று சொற்கள் போதும். 'ஆயிரம் ஆங்கிலச் சொற்கள்' வகை வீடியோக்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் பாதி சைட்டில் ஒருநாளும் காதில் விழாது.

படி 2: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

என்னை நெடுநாள் திணறடித்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'க்ளியர்' என்று மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் 'தெளிவான' என்று வரும். தலைக்கு மேல் சுமை தொங்கும்போது, கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் "க்ளியர் தி ஏரியா!" என்று கத்துகிறார். அந்த இடத்தை விட்டு எல்லோரும் உடனே விலக வேண்டும் என்று அர்த்தம். மாலையில் "க்ளியர் தி டெப்ரி" என்றால் இடிபாடு, குப்பைகளை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சொல் ஒன்றுதான், வேலை வேறு.

'செக்யூர்' இன்னொன்று. ஏணியோடு வந்தால், நழுவாமல் இறுக்கிக் கட்டு. 'ரிப்போர்ட்' என்பதற்குப் பின்னால் 'டு' வந்து, "ரிப்போர்ட் டு தி ஆபீஸ்" என்றால் ஆபீஸில் போய் ஆஜராக வேண்டும். "ரிப்போர்ட் தி ஆக்சிடென்ட்" என்றால் விபத்தைத் தெரிவிக்க வேண்டும்.

அதனால் நோட்டில் இப்படி எழுதுங்கள்:

க்ளியர் + ஏரியா: எல்லோரும் விலகு (சிக்னல்மேன், கிரேன் பக்கம்)
க்ளியர் + டெப்ரி: அள்ளிப் போடு (சூப்பர்வைசர், வேலை முடியும்போது)

யார், எங்கே சொன்னார் என்பதை விட்டுவிடாதீர்கள். அந்த இடம் ஞாபகம் வந்தால் அர்த்தமும் கூடவே வரும்.

படி 3: இறந்தகால வடிவம்

புட், கட், ஷட் மாறாது. ஹோல்ட், 'ஹெல்ட்' ஆகும். டேக், 'டுக்' ஆகும். "முடித்துவிட்டேன்" என்று சொல்ல இது வேண்டும். அந்தந்தச் சொல் வரும்போது பக்கத்திலேயே எழுதினால் சரி. அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

படி 4: திரும்பப் பார்ப்பது

ஆன்கி ஆப் எனக்குப் பிடிக்கும். மறக்கப்போகிற சமயம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. அகராதி என்றால் கேம்பிரிட்ஜ். இணையத்தில் இலவசம், எளிய எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உண்டு. ஆங்கிலம்–தமிழ் ஆப்பை இரண்டாவதாகத்தான் வைத்துக்கொள்வேன். ஞாயிறு தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வருகிறவர்கள் விக்டோரியா ஸ்ட்ரீட் மத்திய நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை, ஏசியும் உண்டு.

பின்சேர்க்கை: தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பு தப்பாகிறதே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கவலை. 'ஃபாஸ்டன்' என்று எழுதிக்கொள்வோம், ஆனால் நடுவில் உள்ள 'ட்' ஒலிக்காது. 'ஃபாசன்' என்பதே சரி. அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டபிறகே நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஆன், ஆஃப், அவுட் பற்றிப் பலர் கேட்டீர்கள். இவற்றையும் வினையோடு ஒட்டியே படியுங்கள். ஹார்னெஸை (உயரத்தில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையை) 'புட் ஆன்' என்றால் மாட்டு, தீயை 'புட் அவுட்' என்றால் அணை. சைட் வேலியில் நான்கு மொழியில் தொங்கும் பலகையில் இருக்கும் 'கீப் அவுட்', உள்ளே வராதே. அப்புறம், உயரத்திலோ கிரேன் பக்கமோ நிற்கும்போது சொன்னது புரியவில்லை என்றால் "ஓகே" என்று தலையாட்டவே கூடாது. "ப்ளீஸ் ஷோ மீ" என்று கேளுங்கள். செய்து காட்டுவார்கள்; அந்தச் சொல்லும் அன்றே நோட்டில் ஏறிவிடும்.