வானிலை சொல்ல வருகிறவர்களே, அந்த நடுக்கோட்டை விட்டுவிடுங்கள்

போன வாரம் எங்கள் சேனலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புயல் பாதையின் நடுக்கோட்டை விரலால் இழுத்துக்கொண்டே போய், ஓர் ஊரைத் தொட்டு, "இங்கேதான் கரையைக் கடக்கும்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். பின்னால் இருக்கும் பச்சைச் சுவரில்தான் கணினி வரைபடத்தைச் சேர்க்கும், அதனால் பச்சைச் சட்டை போடாதே, மானிட்டரைப் பார்த்துக் கையை நகர்த்து என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊரைச் சொல்லாதே என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நடுக்கோடும் ஒற்றை ஊரும்

புயல் படத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பு, புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. மழையும் காற்றும் எதுவரை எட்டும் என்பதை அல்ல. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம், முந்தைய ஐந்து ஆண்டுகளில் தன் கணிப்புகள் எவ்வளவு பிசகின என்று பார்த்து அந்த அகலத்தை வைக்கிறது. அப்படி வரைந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை மையமே கூம்புக்கு வெளியே போய்விடும். இந்த லட்சணத்தில் நடுக்கோட்டுக்கு என்ன உத்தரவாதம்?

ஆனால் கிராபிக்ஸில் அந்தக் கோட்டைத்தான் தடித்த சிவப்பில் போட்டுத் தருவார்கள். நமக்கு முன்னால் இருப்பதோ வெறும் பச்சைச் சுவர். அதில் விரல் இரண்டு அங்குலம் தள்ளிப்போனால் வரைபடத்தில் ஒரு மாவட்டமே தள்ளிப்போகும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு புயல் இரவில் நான் ஓர் ஊரின் பெயரை மூன்று முறை சொன்னேன். புயல் வடக்கே விலகியது. விடிகாலையில் ஸ்டுடியோவுக்கு ஒரு மீனவர் போன் செய்தார். "எங்க ஊரை நீங்க சொல்லவே இல்லையே சார், படகை மேலே இழுத்துக் கட்டாம விட்டுட்டேன்." அவர் திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அவருடைய ஊர் கூம்புக்குள்தான் இருந்தது, என் விரல் அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கோட்டை எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போடுங்கள். முடியாவிட்டால் விரலை மடக்கி, உள்ளங்கையை விரித்து, கூம்பின் இரண்டு ஓரங்களையும் தடவிக் காட்டுங்கள். எந்தெந்த ஊர்களில் மழையும் காற்றும் இருக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள், மையம் எங்கே என்பது அப்புறம். இன்றைக்கும் யாராவது "சரியாக எந்த ஊர் சார்?" என்று நேரலையில் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

30 சதவீத வாய்ப்பு

மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று வந்தால், அதை "மழை இல்லை" என்று மொழிபெயர்க்காதீர்கள். இப்படிச் சொல்லும் பத்து நாள்களில் மூன்று நாள் நனைய வேண்டும். நனையாவிட்டால்தான் கணிப்பில் கோளாறு.

பத்து நாள் கழித்து வரும் மழை

ஒரே ஒரு மாடல் ஓட்டத்தை, அதாவது கணினி ஒரு முறை போட்டுத் தரும் வானிலைக் கணக்கை மட்டும், பார்த்து அறிவிக்காதீர்கள். ஆறு மணி நேரத்தில் அடுத்த ஓட்டம் வரும், அதில் அந்த மழையே காணாமல் போயிருக்கும்.

கணிப்பு பொய்த்தால்

மறுநாள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், எங்கே பிசகியது என்று ஒரு வரி சேர்த்து.