காமெடி பேண்டு தொடங்கும் மதுரைப் பையன்கள் சறுக்கும் இடங்கள்

"காமெடிப் பாட்டுதானே, தாளம் லேசா விலகினா என்ன?" மதுரைப் பக்கம் புதிதாக பேண்டு ஆரம்பிப்பவர்கள் முதலில் சறுக்குவது இந்த நினைப்பில்தான். நம்ம ஊர் இசை நாடகத்தைப் போய்ப் பாருங்கள். வள்ளி திருமணம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் முதலில் மேடையைப் பிடிப்பவர் பபூன் என்கிற கோமாளி. அவர் ஒரு சொல்லை இழுத்தால் ஆர்மோனியமும் கூடவே இழுக்கும். வழுக்கி விழுவதாக நடித்தால், அந்த நொடியில் ஆல்ரவுண்டு (பலவகைத் தட்டு, ஓசைக் கருவிகள்) வாசிப்பவர் ஒரு தட்டு தட்டுவார். கொஞ்சம் பிந்தினாலும் சிரிப்பு போச்சு. அத்தனை பேரும் தாளத்தில் கெட்டி என்பதால்தான் அந்தக் கோமாளித்தனம் எடுபடுகிறது.

அடுத்தது சத்தம். வரி முழுக்க நையாண்டியாக எழுதியிருப்பார்கள்; கூட்டத்துக்குக் கேட்பது டிரம்ஸ் மட்டும். சிரிப்பு பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லில் இருக்கும். சரியாக அங்கேதான் டிரம்மருக்கு ஒரு உருட்டு உருட்டத் தோன்றும். அந்த இடத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. மெட்டுக்காகக் குறிலை நெடிலாக்குவதும் இதே ரகம்: பல்வலிப் பாட்டில் 'பல்'லை இழுத்தால், பின்வரிசைக்காரர் பால் விலையைப் பற்றிப் பாடுவதாக நினைத்துக்கொள்வார்.

ஒரு பாட்டிலாவது நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் நையாண்டி மேளத்தைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நல்ல ஆசைதான். ஆனால் கிதார், கீபோர்டு எல்லாம் பதிந்து முடித்துவிட்டு நாதஸ்வரக்காரரைக் கூப்பிடாதீர்கள். குழலின் நீளத்தோடு சுருதியும் அமைந்துவிடுகிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியிலும் ஊதும் விதத்திலும் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். கிதாருக்கோ சுருதியை ஏற்ற, கழுத்தில் மாட்டும் கேப்போ என்கிற கவ்வி ஒன்று போதும். அதனால் "எத்தனை கட்டைண்ணே?" என்று அவர் சுருதியை முதலிலேயே கேட்டுவிட்டு மெட்டுப் போடுங்கள். சின்ன ஹால் என்றால் அவருக்கு மைக்கே வேண்டாம். உங்கள் பாடகருக்குத்தான் வேண்டும். பங்குனி, சித்திரையில் தேதி கேட்டால் கிடைக்காது, திருவிழாவுக்குப் போயிருப்பார்கள்.

சினிமா மெட்டில் வரியை மாற்றிப் பாடுவது கல்லூரி விழாவோடு இருக்கட்டும். டி.எம்.எஸ். பிறந்த ஊரில் அவர் குரலில் மிமிக்ரி செய்யாமல் எந்த விழா முடிகிறது? அதையே பதிவுசெய்து சொந்தப் பாட்டு என்று யூட்யூபில் ஏற்றினால்தான் வம்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பாட்டை மறுபடி பாடிப் பதிய வழி இருக்கிறது: மூலப்பதிவு வந்து 5 ஆண்டுகள் கழிய வேண்டும், முன்கூட்டியே தகவல் தர வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும். வரியை இஷ்டத்துக்கு மாற்ற அதில் இடமில்லை. தவிர, சிரிப்பு உங்களுடையது, மெட்டு வேறொருவருடையது என்றால் இன்டிபெண்டன்ட் பேண்டு என்று பேனர் வைப்பானேன்?

கடைசியாகப் பாட்டு வரிசை. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி அப்படி. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல பாட்டைக் கடைசிக்கு என்று பொத்தி வைக்காதீர்கள். பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை முடிந்து நீங்கள் மேடையேறும்போதே மணி ஒன்பதே முக்கால் ஆகியிருக்கும்.