ஆங்கில வாக்கியத்தில் இரண்டாம் ராமேசஸ்

எகிப்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுபவர்கள் முதலில் தடுமாறும் இடம் பெரும்பாலும் மன்னரின் பெயர்தான். கி.மு. 1279 முதல் 1213 வரை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராமேசஸின் பெயரை எடுத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

எழுத்துக்கூட்டலை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இப்பெயரின் நடுவில் 'எஸ்' எழுத்தை இரட்டித்தும், ஒற்றையாகவும், அதற்கு முன்னுள்ள 'ஈ' எழுத்தை நீக்கியும் மூன்று விதமாக எழுதுகிறார்கள், மூன்றும் சரியே. எகிப்தியல் நூல்களில் இரட்டித்த வடிவம் அதிகம் வருவதால் நான் அதையே பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும்; மேற்கோளுக்குள் வரும் வடிவத்தை மட்டும் திருத்தக் கூடாது. உச்சரிக்கும்போது இறுதி அசை 'சீஸ்' என்று நீளும். 'ரா என்னும் கதிரவக் கடவுள் ஈன்றவன்' என்பது பெயரின் பொருள். ஒலி ஒற்றுமையை நம்பி இதை நம் இராமனோடு முடிச்சுப் போடுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

தமிழில் எண்ணை முன்னால் வைத்து 'இரண்டாம் ராமேசஸ்' என்கிறோம். அதே வரிசையில் ஆங்கிலத்தில் 'த செகண்ட் ராமேசஸ்' என்று எழுதினால், ராமேசஸைப் போன்ற வேறொருவர் என்றும் வாசகர் பொருள் கொள்ளக்கூடும். எண் பெயருக்குப் பின்னால், ரோமானிய எண்ணாக, காற்புள்ளியோ 'த' என்ற சொல்லோ இல்லாமல் வர வேண்டும். வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் 'ராமேசஸ் த செகண்ட்' என்று 'த' சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்பெயரில் 11 மன்னர்கள் இருந்ததால், கட்டுரையில் முதல் முறை பெயர் வரும்போது எண்ணை விடக் கூடாது. இந்த எண்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள் இட்டவை என்பதும், எகிப்தியர் தம் மன்னர்களை அரியணைப் பெயரால், அதாவது அரியணை ஏறும்போது சூடிய பெயரால், வேறுபடுத்தினர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பட்டப்பெயர் சேரும்போது காற்புள்ளி சிக்கலாகிறது. (கீழே வரும் எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படிக்கும் வடிவில் தருகிறேன்; எழுதும்போது 'த செகண்ட்' என்பதற்குப் பதில் ரோமானிய எண் வரும். அபு சிம்பெல் என்பது இம்மன்னர் எழுப்பிய பாறைக் கோயில்.) 'த ஃபேரோ ராமேசஸ் த செகண்ட் பில்ட் அபு சிம்பெல்' என்ற வாக்கியத்தில், ஃபேரோக்கள், அதாவது எகிப்திய மன்னர்கள், பலர் என்பதாலும் எந்த ஃபேரோ என்பதைப் பெயர்தான் சொல்கிறது என்பதாலும், காற்புள்ளி வராது. 'செட்டி த ஃபர்ஸ்ட்ஸ் சக்ஸஸர், ராமேசஸ் த செகண்ட், பில்ட் அபு சிம்பெல்' என்னும்போதோ, முதலாம் செட்டிக்கு அடுத்து அரியணை ஏறியவர் ஒருவரே என்பதால், பெயர் கூடுதல் தகவலாகி இருபுறமும் காற்புள்ளி பெறுகிறது. 'கிங்' என்ற சொல்லைப் பட்டமாகப் பெயரோடு ஒட்டினால் முன்னால் 'த' வேண்டாம்.

உடைமைப் பொருளில் பெயர் 'எஸ்' எழுத்தில் முடிவதால், அப்பாஸ்ட்ரஃபி குறியை மட்டும் இடுவதா, இன்னொரு 'எஸ்' சேர்ப்பதா என்று நடைக் கையேடுகளே உடன்படுவதில்லை. இதற்கு எளிய வழி உண்டு: ரோமானிய எண்ணோடு எழுதினால் குறியும் 'எஸ்' எழுத்தும் எண்ணின் மேல் ஏறிக்கொள்ளும், பெயரைத் தொட வேண்டியதில்லை. அதுவும் கண்ணை உறுத்தினால் 'த ரெய்ன் ஆஃப் ராமேசஸ் த செகண்ட்' என்று திருப்பி எழுதலாம்.

பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஆண்டுகளைத் தரும்போது, 'ரெய்ன்ட்' என்பதன் சுருக்கமான சிறிய 'ஆர்' எழுத்தை முன்னால் இட வேண்டும். இல்லையேல் ஆட்சிக்காலத்தை வாசகர் வாழ்நாளாக எண்ணிவிடுவார்.

இம்மன்னரின் அரியணைப் பெயரின் கிரேக்கத் திரிபான 'ஓசிமாண்டியாஸ்' 1818-இல் வெளியான ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையால் புகழ்பெற்றது. அழிந்துபோன ஆணவத்தைச் சுட்டும் இலக்கிய நடைக்கு அது பொருந்தும். ஹிட்டைட்டுகளோடு அவர் நடத்திய காதேஷ் போரை விவரிக்கும் வாக்கியத்தில் அதைப் புகுத்தினால் வாசகர் குழம்புவார். 19, 20-ஆம் அரச வம்சங்களின் காலத்தை ஒட்டுமொத்தமாகக் குறிக்க, பெயரின் பன்மையைத் தேடாமல், 'ராமெசைட்' என்ற பெயரடையைப் பயன்படுத்துங்கள். அதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்தே.