சுங்கை கிளா சுடுதண்ணி ஊற்றுக்கு முட்டையோடு போங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்காய்ப் பக்கம் வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது சுடுதண்ணி ஊற்றைத்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். லீவு நாளில் அவர்களை ஏற்றிக்கொண்டு போவதும் நானேதான். என் பேச்சைக் கேட்டால் காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் மேலேயும் சூடு, கீழேயும் சூடு.

டவுனிலேயே பசியாறிவிடுங்கள். வழியெல்லாம் செம்பனை. பால்மரம், அதாவது ரப்பர், நின்ற காலத்தில் அம்மா வெட்டிய நிரை எது என்று கேட்டால் எனக்கே அடையாளம் தெரியாது.

எரிமலைத் தண்ணீர் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். மலாயா தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலையே கிடையாது. தித்திவங்சா மலையின் கருங்கல் வெடிப்புகளில் மழைத்தண்ணீர் ஆழமாக இறங்கி, சூடேறி, திரும்ப மேலே வருகிறது.

முட்டை வேகவைக்கத் தனி இடம் உண்டு. கூடையில் வைத்து இறக்குங்கள், கையை விட்டுப் பார்க்க வேண்டாம். மஞ்சள் கரு 65, 70 டிகிரியிலேயே இறுக ஆரம்பிக்கும். வெள்ளைக் கரு முழுசாகக் கெட்டியாக 80 டிகிரியாவது வேண்டும். அதனால் சூடு குறைந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இறுகி, வெளியே கொழகொழவென்று இருக்கும். நல்ல கொதிநீர்தான் சரி. கிச்சாப்பும் (சோயா சாஸ்) வெள்ளை மிளகுத்தூளும் மறக்காதீர்கள். கோப்பிக்கடை அரைவேக்காடு அங்கேயே கிடைக்கும்!

குளத்தில் எடுத்ததும் இறங்காமல் முதலில் கால்களை நனைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். பிள்ளைகளின் வெள்ளிக் கொலுசு, அரைஞாணைக் கழற்றி வையுங்கள். கந்தகத் தண்ணீர் பட்டால் கறுத்துவிடும். பிறகு பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள்.

தெற்கே போகிறவர்கள் உடனே ஹைவே ஏறாதீர்கள். துரோலாக், சிலிம் ரிவர் வழியாகப் பழைய ரோட்டில் போங்கள். 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷாரின் 11ஆவது இந்திய டிவிஷனைப் பிளந்துகொண்டு போனது இந்த ரோட்டில்தான். குளுனி தோட்டத்தில் இருந்த பீரங்கிப் படைக்கு டாங்கி வருவதே தெரியவில்லை. 11ஆம் தேதி கோலாலம்பூரும் விழுந்தது. இத்தனை நடந்த ரோட்டை லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே கடக்கிறோம்.

வடக்கே போகிறவர்களுக்குப் பீடோர் கொய்யா. காயாகப் பார்த்து வாங்குங்கள், புளிப்புப் பிளம்ஸைக் காயவைத்து இடித்த அசாம்போய்த் தூளையும் கேட்டு வாங்குங்கள்.