மூக்கு ஒழுகும் குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கிளம்பும் நேரத்தில் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அக்கறையோடு சொல்லப்படும் அந்த வார்த்தை, தவணையை மாதக்கணக்கில் தள்ளிவிடக்கூடும். லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு, குறைந்த காய்ச்சல் ஆகியவை தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், உடல்நிலை சீராக இருந்தால், பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டு உரிய நாளிலேயே போட வேண்டும். ஆனால் குழந்தை கடுமையாக நோயுற்றிருந்தாலும், முந்தைய தவணைக்குப் பின் வலிப்போ கடும் ஒவ்வாமையோ ஏற்பட்டிருந்தாலும், எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தாலும், செவிலியரிடம் முதலிலேயே சொல்லி, முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பிறந்தவுடன் காசநோயைத் தடுக்கும் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்திற்குள் கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் ஹெபடைடிஸ் பி ஆகியவை மருத்துவமனையிலேயே கொடுக்கப்பட்டுவிடும். பெற்றோரின் பொறுப்பு 6ஆவது வாரத்தில் தொடங்குகிறது. 6, 10, 14ஆவது வாரங்களில் போடப்படும் பெண்டாவேலன்ட் ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்தையும் தடுக்கிறது. கக்குவான் இருமல் உயிருக்கே ஆபத்தாவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் என்பதால், இந்தத் தவணைகளில் நாள் கடத்துவது மிகவும் தவறு. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்த பின் போடப்படுவதற்கும் காரணம் உண்டு: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதற்கு முன் தடுப்பூசியின் பலனைக் குறைத்துவிடும். இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்திற்குள் போடப்படும்.

ஊசி போடும் இடத்தில் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். மருந்துக் குப்பியின் மீதுள்ள வட்டத்திற்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். வட்டத்தின் நிறத்தையே எட்டியிருந்தாலோ, அதைவிடக் கருமையாக இருந்தாலோ பயன்படுத்தக் கூடாது. பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா மருந்துகளைக் கரைத்த பின் 4 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எப்போது கரைத்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அரிதாக ஏற்படும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்திற்குள் தெரிந்துவிடும். அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும்.

பெண்டாவேலன்ட் போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம். வீங்கிய இடத்தைத் தேய்க்கவோ, எண்ணெயும் மஞ்சளும் பூசவோ வேண்டாம்; தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பாராசிட்டமாலைக் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேட்டறிந்த அளவிலேயே கொடுக்க வேண்டும். சொட்டு மருந்தாகக் கிடைக்கும் பாராசிட்டமால் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் கொண்டது. சிரப்போ 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் மருந்து இரண்டு முதல் நான்கு மடங்கு கூடிவிடும். தட்டம்மை ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல் ஒரு வாரம் கழித்தே வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிசிஜி போட்ட இடம் சில வாரங்களில் கொப்பளித்துப் புண்ணாகி, பின் தழும்பாகும். மருந்து எதுவும் தேவையில்லை.

மூச்சுத்திணறல், முகவீக்கம், வலிப்பு, உடல் துவளுதல், 3 மணி நேரத்திற்கு மேல் ஓயாத அழுகை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் தெரிவியுங்கள்.

தட்டம்மை தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சம், 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரையால் பரவியது. அந்தக் கட்டுரையை 2010இல் அவ்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளிலும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை.

தவணை தவறிவிட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு வரும் புதன்கிழமையே செல்லுங்கள்.