மறதி நோயாளிக்குப் பாட்டு: வீட்டில் செய்யும் முறை

சர்க்கரைக்கு ஒரு ராகம், இரத்தக் கொதிப்புக்கு ஒரு ராகம் என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் பட்டியலை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று வகுப்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. மறதி நோய் கண்ட பெரியவருக்கு எந்த ராகம் என்பதைக் காட்டிலும், அது அவர் வாழ்க்கையில் கேட்டுப் பழகிய பாட்டா என்பதே முக்கியம்.

பலனை மிகைப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மறதி நோயாளிகளுக்குக் குறைந்தது 5 அமர்வுகளாவது இசைச் சிகிச்சை அளித்தால் மனச்சோர்வு குறையவும், நடத்தைச் சிக்கல்கள் பொதுவாகத் தணியவும் வாய்ப்புண்டு. ஆனால் நிலைகொள்ளாத பரபரப்பு, ஆவேசம், அறிவுத்திறன் ஆகியவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இழந்த நினைவைப் பாட்டு மீட்டுத் தராது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதியோர் இல்லங்களில் நடந்தவை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்வதன் எளிய வடிவத்தையே நாம் வீட்டில் செய்கிறோம்.

பாட்டுகளைத் திரட்டுவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட இசை மற்றவற்றைவிட ஆழமாகப் பதிவதால், 1945இல் பிறந்தவருக்கு 1955 முதல் 1975 வரை ஒலித்த பாட்டுகளைத் தேட வேண்டும். மதுரை நகருக்குள் வளர்ந்தவராயின் இலங்கை வானொலியில் கேட்ட திரைப்பாடல்களும், இவ்வூரிலேயே பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் குரலும் அனேகமாகப் பலிக்கும். சௌராட்டிர வீட்டுப் பாட்டிக்கு நடனகோபால நாயகி சுவாமிகள் அவர்களுடைய தாய்மொழியான சௌராட்டிரத்தில் இயற்றிய கீர்த்தனைகள் வேண்டியிருக்கலாம். நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவிப்போய், தாய்மொழி மட்டும் தங்கிவிடுவது உண்டு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவருக்கோ தெம்மாங்கும் கும்மியும் நடவுப்பாட்டும்தான். அவை இணையத்தில் எளிதில் அகப்படாது என்பதால், அவருடைய தங்கையையோ நாத்தனாரையோ பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை எந்தத் தாலாட்டால் தூங்க வைத்தார், எந்தக் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போனார் என்பதையும் அவர்களிடமே விசாரியுங்கள்.

மேலூருக்கு அருகே பெரியாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்டே வாழ்ந்த என் பெரியம்மாவுக்கு நாங்கள் முதலில் போட்டதெல்லாம் பக்திப் பாடல்கள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் விளையாட்டாகக் குலவையிட்டபோது, பெரியம்மாவின் நாக்கு வாய்க்குள் புரளத் தொடங்கியது. ஓசை வரவில்லை, ஆனால் வலக்கையின் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் நாற்றைப் பிரித்து ஊன்றுவதுபோலப் புடவை மடிப்பைக் குத்திக் குத்தி எழுந்தன. பெற்ற மகளின் பெயரே அவருக்குப் பிடிபடாமல் இருந்த காலம் அது. அதன்பின் பதினைந்து பாட்டுகளைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவற்றிலும் ஐந்துதான் பயன்பட்டன.

குளித்துச் சாப்பிட்டு முடித்த முற்பகலைப் போல அவர் தெளிவாக இருக்கும் ஒரு வேளையைத் தேர்ந்து, நாள்தோறும் அதே நேரத்தில் இருபது, முப்பது நிமிடம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, உங்கள் முகம் அவருக்குத் தெரியும்படி எதிரில் உட்காருங்கள். பாட்டுகளை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருப்பது நல்லது. யூடியூபில் நேரடியாகப் போட்டால் தாலாட்டின் நடுவே நகைக்கடை விளம்பரம் அலறும், மிரண்டவரைத் தேற்றுவதிலேயே அன்றைய பொழுது போய்விடும். 80 டெசிபல் (டெசிபல் என்பது ஒலியின் அளவு) சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு எல்லை. நமக்கோ பாட்டு ஓடும்போதே குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு போதுமானது. வயதால் காது மந்தமானவருக்குக் கூர்மையான ஒலிகளே முதலில் மங்குவதால், உச்சஸ்தாயிப் பாட்டைவிடக் கீழ்ஸ்தாயியில் பாடும் ஆண்குரல் தெளிவாகக் கேட்கலாம். ஒலியைக் கூட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை அவர் அருகே நகர்த்திப் பாருங்கள். உங்களுக்குச் சுருதி சேராவிட்டாலும் கூடவே பாடுங்கள், தாளம் தட்ட அவர் கையில் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொடுங்கள்.

பாட்டு ஓடும்போது கைப்பேசியைப் பார்க்காமல் அவர் முகத்தையும் விரல்களையும் கவனியுங்கள். கண்ணீர் வந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்துப் பாருங்கள். புருவம் நெரிந்தாலோ, முகத்தைத் திருப்பினாலோ, எழுந்து போக முயன்றாலோ நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கணவரின் சாவு வீட்டில் கேட்ட பாட்டு அதுவாக இருக்கக்கூடும், நமக்கு அது தெரிந்திராது. ஆடி மாதத்தில் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் முழங்கும் நாட்களில் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, சன்னல்களை அடைத்து அவரை உள்ளறையில் உட்கார வைப்பதே உத்தமம்.

ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று குழப்பம் கூடினாலோ, பேச்சு உளறலானாலோ பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும், மதுரை வெயிலில் உடலில் நீர் வற்றுவதும் அப்படித்தான் வெளிப்படும். ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அப்போது 108க்கு அழைக்கத் தாமதிக்கக் கூடாது.