மிக்சரில் இருந்து ரெக்கார்டருக்கு

போன மார்கழியில் குன்னூரில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்சரில் காலியாக இருந்த எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் ஒலி இணைப்பு) அவுட்டிலிருந்து என் ரெக்கார்டருக்கு ஒயர் இழுத்தேன். ஹெட்போனில் ஒரே கரகரப்பு. உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயினை அடிவரை இறக்கியும் போகவில்லை. குளிரில் மூளையும் விறைத்ததோ என்னவோ, அரை மணி நேரம் ஒயரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, லைன்ல போட்டீங்களா?" என்றார் மிக்சர் அண்ணன்.

போடவில்லை, ரெக்கார்டரின் உள்ளீடு 'மைக்'கில் இருந்தது. மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சரோ +4 டிபியூ (சிக்னல் அளவைச் சொல்லும் அலகு), அதாவது சுமார் 1.23 வோல்ட் தள்ளுகிறது. மைக் உள்ளீடு அதைத் தாங்காது, அதனால்தான் கரகரப்பு. 'லைன்' என்று மாற்றி, மைக்குக்கு ஒயர் வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டமையும் அணைத்தேன். சரி, கரகரப்பு போயிற்று. அப்புறம் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ரெக்கார்டரின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் அடங்கியது.

சின்ன மண்டபம் என்பதால் டிரம்ஸுக்கு மைக் வைக்கவில்லை; மைக் இல்லாதது மிக்சருக்கு நேராக வராதே. பதிவில் பாடகர் காதருகே, டிரம்ஸ் பக்கத்துத் தெருவில்.